சான் பிரான்சிஸ்கோ ஆரக்கிள்: அந்த வானவில் பக்கங்களை எப்படி அச்சடித்தார்கள்?

மைக்கறை:
1966 செப்டம்பரிலிருந்து 1968 பிப்ரவரி வரை சான் பிரான்சிஸ்கோவின் ஹிப்பி வட்டாரமான ஹைட்-ஆஷ்பரியில் ஆலன் கோஹன் ஆசிரியராக இருந்து நடத்திய 'ஆரக்கிள்' என்ற மாற்றுப் பத்திரிகையின் இதழ்கள் பன்னிரண்டின் ஸ்கேன்களைப் பார்த்து வருகிறேன். ஒரே பக்கத்தில் மஞ்சள் கரைந்து ஆரஞ்சாகி, சிவப்பாகிறது. கையில் காசில்லாதவர்களுக்கு, நான்கு மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும் நால்வண்ண அச்சு எப்படிக் கட்டுப்படியானது? ஒற்றை வண்ண ஆஃப்செட் மெஷினில் சிற்றிதழ் அட்டைக்கு இப்போது இதைச் செய்ய முடியுமா?

உருளை:
அது நால்வண்ணம் இல்லை தோழர். தெளிவான ஸ்கேனைப் பெரிதாக்கிப் பாருங்கள். நால்வண்ணமாக இருந்தால் ஆரஞ்சுக்குள் மஞ்சள், சிவப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். இதில் கோட்டின் மையே ஆரஞ்சு. ஒரே பிளேட்தான் (அச்சுத் தகடு), மெஷினின் மைத் தொட்டியில் நடுவே தடுப்பு வைத்து ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் சிவப்பு ஊற்றிவிடுவார்கள். மை உருளைகள் சுழலும்போதே பக்கவாட்டிலும் ஆடுவதால் எல்லையில் இரண்டும் குழைந்துவிடும்.

இப்போதும் தாராளமாகச் செய்யலாம். தடுப்பு, தொட்டி உருளையின் வளைவுக்குச் சரியாக வெட்டியிருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் அடியில் மை கசிந்துவிடும். உருளையின் பக்க ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கலப்பு அகன்றுகொண்டே போகும். மஞ்சளுக்குப் பக்கத்தில் சிவப்போ நீலமோ வைக்கலாம். சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து வேண்டவே வேண்டாம், நடுவில் சேற்று நிறம்தான் வரும். தொட்டியை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக மை போடுங்கள். மஞ்சள் அழுக்கேறத் தொடங்கியதும் மெஷினை நிறுத்தி உருளைகளைக் கழுவித்தான் ஆகவேண்டும். முதல் பிரதியும் கடைசிப் பிரதியும் ஒரே மாதிரி இருக்காது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்ததே அதுதான்.

நீலப்பென்சில்:
லேஅவுட் செய்பவருக்கு ஒன்று: வண்ணப் பட்டை எப்போதும் காகிதம் ஓடும் திசையில்தான் விழும். பக்கம் மெஷினில் நெட்டாகப் போகிறதா, குறுக்காகப் போகிறதா என்று முதலில் அச்சகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் படம் வரையுங்கள்.

ஆரக்கிள் போன்ற மாற்றுப் பத்திரிகைகள் பிழைத்ததே ஆஃப்செட்டால்தான். ஈய எழுத்தும், வரிவரியாக ஈயத்தில் வார்க்கும் லைனோடைப் மெஷினும் தேவைப்படவில்லை. டைப்ரைட்டரில் அடித்து, பத்தி பத்தியாக வெட்டி, அட்டையில் ஒட்டி, கேமராவில் நெகட்டிவ் எடுத்தால் பிளேட் தயார். ஒட்டும் கோடுகளை வெளிர்நீலப் பென்சிலில் போடுவார்கள். அந்த ஃபிலிமில் நீலம் விழாது. சிவப்பில் போட்டால் கறுப்புக் கோடாகவே அச்சாகிவிடும்.

தாள்கட்டு:
அச்சடித்துத் தர ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 'கலைடாஸ்கோப்' என்ற மாற்றுப் பத்திரிகையை அச்சடித்துக் கொடுத்ததற்காகவே, வில்லியம் ஷானன் நடத்திய உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு 1969-இல் விளம்பரங்களை நிறுத்தச் செய்தார்கள். அவர் அப்போதும் அச்சடிப்பதை நிறுத்தவில்லை. ஆரக்கிளின் விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியதைப் பற்றிப் பேசுபவர்கள் இப்படிப்பட்ட அச்சகக்காரர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மைக்கறை:
நன்றி தோழர்களே. அட்டைக்கு மஞ்சள்–சிவப்பு மட்டும் வைத்துக்கொள்கிறேன். காகித ஓட்டத்தை நாளைக்கே அச்சகத்தில் கேட்டுவிடுகிறேன்.