புதுப்பிப்பு: ஹீலியோஸ் 44-2 பற்றி நான் சொன்னதில் பாதி தப்பு

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பழைய ஹீலியோஸ் 44-2 வாங்கினேன், படமெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளிறி வருகிறது, சோவியத் லென்ஸின் தரமே இவ்வளவுதான் என்று. அந்தத் தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன்.

நண்பர் ஒருவர் சொன்னார் என்று லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடியில், மூச்சுவிட்டால் படியுமே, அப்படி ஒரு மெல்லிய படலம். பழைய கிரீஸின் எண்ணெய்ப் பசை. கழற்றித் துடைத்த பிறகு வேறு லென்ஸ் மாதிரி இருக்கிறது.

எஃப்/2-விலேயே, அதாவது ஒளி நுழையும் துளையை முழுதாகத் திறந்தாலும், நடுப்பகுதி கூர்மை. அரை மீட்டரில் எடுத்த முகத்தில் இமை முடியை எண்ணலாம். ஓரங்கள் குழைவுதான், துளையைச் சுருக்கி எஃப்/5.6-க்குப் போனால் அவையும் தேறிவிடுகின்றன. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தின் பயோட்டார் 58 மி.மீ. லென்ஸ் வடிவமைப்பின் வாரிசு இது. 4 தொகுதிகளில் 6 கண்ணாடிகள்.

அப்புறம், எல்லோரும் கேட்கும் அந்தச் சுழல், அதாவது மங்கிய பின்னணி சுற்றிச் சுழல்வதுபோல் தெரிவது. ஆளைக் கிட்டே நிறுத்தி, பின்னால் தள்ளி இலைக்கூட்டம் இருந்தால்தான் வருகிறது. சாய்வாக வரும் ஒளியை லென்ஸின் விளிம்பு வெட்டிவிடுவதால், ஓரத்து ஒளிவட்டங்கள் பூனைக்கண்ணாக நசுங்கி நடுவைச் சுற்றி நிற்கின்றன. எஃப்/4 தாண்டினால் சுழலையே காணோம்.

வெயிலுக்கு எதிரே மட்டும் இன்னும் சொதப்பல். கண்ணாடியில் பிரதிபலிப்பைக் குறைக்க இருப்பது ஒற்றை அடுக்குப் பூச்சு, வேறென்ன எதிர்பார்ப்பது? வெயிலை மறைக்க லென்ஸின் முன்னால் 49 மி.மீ. ரப்பர் ஹூட் போட்டதில் கொஞ்சம் பரவாயில்லை.

ஃபோகஸ் வளையம் இன்னும் இறுக்கம். அதற்கு அடுத்த சம்பளம் வரட்டும்.