மூன்று அரசர் தீவின் ஒற்றைக் கொடி: காப்பாற்றியாகிவிட்டதா?

மாடித்தோட்டம்:
நியூசிலாந்தின் வடகோடியில், ரெய்ங்கா முனையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருக்கின்றன மூன்று அரசர் தீவுகள். அவற்றில் பெரியதான மனாவதாஃபியில், 1945இல் தாவரவியலாளர் ஜெஃப் பேலிஸ் டெக்கோமாந்தே ஸ்பெசியோசா என்ற கொடியைக் கண்டார். இருந்தது ஒன்றே ஒன்று. அதிலிருந்து துண்டு வெட்டி வேர்விட வைத்தார்கள். இன்று அந்நாட்டு நர்சரிகளில் காசு கொடுத்தால் கிடைக்கிறது. வேலியிலும் பந்தலிலும் பத்து மீட்டர் வரை ஏறுகிறது. இது பிழைத்துவிட்டது. இனி நம் கவலை வேறு செடிகளுக்குத்தான் தேவை.

வேலிப்பருத்தி:
அது ஏன் ஒன்றானது என்பதை விட்டுவிட்டீர்களே. கப்பல் உடைந்து கரையேறுவோருக்கு உணவாகட்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஆடுகளை விட்டார்கள். அவை பெருகி, தளிர் எட்டிப்பார்த்த இடத்திலேயே கடித்துத் தின்றன. 1946இல் நூற்றுக்கணக்கான ஆடுகளைச் சுட்டு அகற்றிய பிறகுதான் காடு மீண்டும் தழைத்தது. ஆடுகள் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் காட்டில் இந்த ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதோடு, உங்கள் நர்சரிக் கொடிகள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்றைச் சாய்க்கிற நோய் அத்தனையையும் சாய்க்கக்கூடும்.

மாடித்தோட்டம்:
காட்டில் நிற்பதும் அதே தாய்தானே? தோட்டத்தில் இல்லாத எந்த மரபணு அதில் இருக்கிறது? வாதத்துக்காகக் காட்டைப் புனிதமாக்காதீர்கள்.

வேலிப்பருத்தி:
புனிதமாக்கவில்லை. தோட்டத்தில் விதை முளைத்தால் எது வாழ வேண்டும் என்று தோட்டக்காரர் தீர்மானிக்கிறார். நன்றாகப் பூப்பதை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிவிடுவார். தீவில் உப்புக்காற்றும் வறட்சியும் பூச்சியும் தீர்மானிக்கின்றன. விதைக் கன்றுகளுக்குள் இருக்கிற கொஞ்ச வேறுபாட்டிலிருந்து வலுவானதைப் பொறுக்கியெடுக்க அந்த இடம் வேண்டும்.

நாற்றங்கால்:
எங்கள் வீட்டில் இது இருக்கிறது. நானும் நியூசிலாந்தில்தான் வசிக்கிறேன். மினுமினுக்கும் கரும்பச்சை இலை. குளிர்காலத்தில் முற்றிய தண்டிலிருந்தே நேராகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும், பாலேட்டு நிறத்தில், லேசான பச்சை கலந்து. பனி விழுந்தால் கருகிவிடும். இவ்வளவு எளிதாக வளர்வதைத் தீவுக்கே கொண்டுபோய் நட்டால் இந்தச் சண்டையே இல்லையே?

கடலோரம்:
அம்மா, தொட்டிக் கன்றோடு போவது தொட்டி மண்ணும்தான். நியூசிலாந்தின் கவுரி மரங்களை வேரழுகி மடியச் செய்வது மண்ணில் வாழும் ஃபைட்டோஃப்தோரா கிருமி; செருப்பில் ஒட்டிய சேறே அதைப் பரப்பப் போதும். அந்தத் தீவில் இன்னொரு ஒற்றை மரமும் இருந்தது, பெனான்டியா பேலிசியானா. அதையும் பேலிஸ் 1945இல்தான் கண்டார். இரண்டையும் ஒரு கூடை மண்ணுக்காகப் பணயம் வைக்க முடியுமா? அனுமதி இல்லாமல் அங்கே யாரும் கால்வைக்க முடியாது என்ற விதி நியாயமானது.

நாற்றங்கால்:
மண்ணே வேண்டாம் என்றால் விதை இருக்கிறதே! தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கிற கொடி இது. காய் முற்றி வெடித்தால் உள்ளே மெல்லிய இறகு வைத்த விதைகள். சுத்தம் செய்து ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோகலாம்.

கடலோரம்:
விதையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் முடிவு நம்முடையதல்ல. அது ங்காத்தி குரி என்னும் மாவோரிப் பழங்குடி மக்களின் மூதாதையர் நிலம். எங்கே ஊன்றுவது, ஊன்றத்தான் வேண்டுமா என்று அவர்கள் சொல்லட்டும்.

மாடித்தோட்டம்:
அவர்கள் சொல்லட்டும், சரி. ஆனால் தோட்டங்களில் வளர்த்தவர்களைக் குறைத்துப் பேசாதீர்கள். எல்லாரும் தீவையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு புயலோ மண்சரிவோ அந்தக் கொடியைக் கொண்டுபோயிருந்தால், இன்று உறையில் போட ஒரு விதைகூட இருந்திருக்காது.

வேலிப்பருத்தி:
அதை மறுக்கவில்லை. காப்பாற்றியாகிவிட்டது என்பதைத்தான் மறுக்கிறேன்.