வாசிப்பு நாளுக்கு நாலாம் வகுப்பில் ஒரே பீரியட்: பீரோவில் தூங்கும் புத்தகங்களை என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
கேரளா, பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, தமிழ் மீடியம் எல்.பி. (லோயர் பிரைமரி) ஸ்கூல். நாலாம் வகுப்பில் 32 பேர். பீரோவில் 200 தமிழ்ப் புத்தகத்துக்கு மேல் இருக்கு, ஆனா சுத்துறது அதே பத்துப் பதினஞ்சுதான். கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரோட நினைவு நாளான ஜூன் 19தான் இங்கே வாசிப்பு நாள்; அதை உறுதிமொழி, போஸ்டரோட முடிக்க மனசில்லை. 40 நிமிஷத்தில் மத்தப் புத்தகங்களையும் பிள்ளைங்க கண்ணில் படவைக்க வழி சொல்லுங்க.

நூலகர்_பாலக்காடு:
பாய் விரிச்சுச் சுத்த விடுங்க டீச்சர். 5 பாய், ஒவ்வொண்ணிலும் ஆறேழு பிள்ளைங்க, 8 புத்தகம். தலைக்கு ஒண்ணுன்னு எண்ணி வைச்சா, கடைசியில் கை நீட்டுற பிள்ளைக்கு மிச்சம் கிடந்ததுதான் கிடைக்கும். எல்லாம் அட்டை மேலே தெரியணும். பைண்டிங்கில் அட்டை மறைஞ்சிருந்தா ஜெராக்ஸ் எடுத்து முன்னாடி ஒட்டிடுங்க; வெறும் காலிகோ துணி அட்டையை எந்தப் பிள்ளையும் தொடாது.

ஒரு சுத்துக்கு 4 நிமிஷம். மணி அடிச்சதும் பிள்ளைங்கதான் நகரணும், புத்தகம் அங்கேயே இருக்கட்டும். விளக்கம், நகர்றது எல்லாம் சேர்த்து 28 நிமிஷத்தில் முடியும். மிச்ச 12 நிமிஷம் புத்தகம் கொடுக்க. அதை விட்டுடாதீங்க, "நாளைக்குத் தர்றேன்"னா அந்த ஆசை அன்னிக்கே ஆறிடும்.

ஆளுக்கு அரைத்தாள். புத்தகப் பேர், பக்கத்தில் 'வேணும்'னா ஒரு டிக், அவ்வளவுதான். விமர்சனம் எழுதச் சொன்னா தாளை நிரப்பத்தான் பார்ப்பாங்க, புத்தகத்தைப் பார்க்க மாட்டாங்க.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நன்றி சார். சுலபம், கஷ்டம்னு பாய் வாரியாப் பிரிக்கலாமா?

மறையூர்_வாசகர்:
வேண்டாம். சுலபப் பாயில் யார் ரொம்ப நேரம் உட்கார்றாங்கன்னு மத்த பிள்ளைங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. தமிழ்நாட்டு வாசிப்பு இயக்கத்தோட நுழை, நட, ஓடு, பறன்னு சுலபத்திலிருந்து படிப்படியா ஏறுற புத்தகங்கள் கிடைச்சா, நாலு நிலையையும் ஒவ்வொரு பாயிலும் கலந்து வைங்க.

நம்ம பக்கத்துப் பிள்ளைங்க மலையாளம் சரளமாப் பேசுவாங்க, எழுத்துக் கூட்டத்தான் திணறுவாங்க. ஸ்டோரிவீவர் தளத்தில் பல கதைகள் தமிழிலும் மலையாளத்திலும் இலவசமா இருக்கு. ஒரே கதையை ரெண்டு மொழியிலும் அச்செடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைங்க. ஏ4 தாளில் புக்லெட் முறை, ரெண்டு பக்கமும் அச்சு, பிரிண்ட் செட்டிங்கில் 'ஷார்ட் எட்ஜ்' (தாளைக் குட்டை ஓரத்தில் புரட்டுறது) தேர்வு. 'லாங் எட்ஜ்' போட்டா பின்பக்கம் தலைகீழா வரும். மொத்தப் பக்கம் நாலால் வகுபடலைன்னா கடைசியில் வெற்றுப் பக்கம் விழும், அதில் பிள்ளைங்க படம் வரையட்டும்.

நூலகர்_பாலக்காடு:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரே புத்தகத்துக்கு நாலஞ்சு பேர் டிக் போட்டிருப்பாங்க, சண்டை வரும். அந்தப் பேர்களைத் துண்டுச் சீட்டில் வரிசையா எழுதி அட்டைக்குள்ளே செருகிடுங்க. திருப்பித் தர்ற பிள்ளையே சீட்டைப் பார்த்து அடுத்த ஆள் கையில் கொடுக்கலாம். நீங்க நோட்டில் பேரை மாத்தினாப் போதும். யாருமே டிக் போடாத புத்தகத்தைத் தனியா எடுத்து, அதில் ஒரு பக்கத்தை மறுநாள் நீங்களே வாசிச்சுக் காட்டுங்க.