கேம் மியூசிக்கை மியூட் பண்ணிட்டு சொந்தப் பாட்டு போட்டு ஆடுறவங்க இருக்கீங்களா?

வடபழனி_வைஃபை:
வணக்கம் மக்களே. எந்த கேம் இன்ஸ்டால் பண்ணாலும் நான் முதல்ல போறது செட்டிங்ஸ்ல ஆடியோ பக்கம்தான். மியூசிக் ஸ்லைடரை ஜீரோவுக்கு இழுத்துட்டு, போன்ல நமக்குப் பிடிச்ச பாட்டை ஓடவிட்டு ஆடுவேன். இப்போ பிசில ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ன்னு கவ்பாய் கேம் போயிட்டிருக்கு. ராத்திரி ரூம்மேட் பார்த்துட்டு, "குதிரையில போறவனுக்குக் குத்துப்பாட்டாடா? உனக்கெல்லாம் எதுக்கு இந்த கேம்?"னு ஒரு பிடி பிடிச்சுட்டான். துப்பாக்கிச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் ஆன்லதான் இருக்கு. மியூசிக் மட்டும்தான் ஆஃப். நிஜமாவே எதையாவது இழக்குறேனா, இல்ல அவன் சும்மா சீன் போடுறானா? ரொம்ப வருஷமா ஆடுற அண்ணன்மார் யாராவது சொல்லுங்க.

சும்மா_ஒரு_நூப்:
உன் ஹெட்செட், உன் காது. ரூம்மேட்டை மியூட் பண்ண ஒரு ஸ்லைடர் இருந்தா லிங்க் குடு.

பழைய_கேசட்:
தம்பி, உன் ரூம்மேட் சொன்னது சரிதான். ஆனா காரணம் சொல்லாம திட்டிட்டுப் போயிட்டான். நான் சொல்றேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோ.

கேம் மியூசிக்கைத் தனியா ஹெட்போன்ல கேட்டுட்டு மார்க் போடுறவங்களோட எனக்கு எப்பவும் ஒத்துப்போகாது. நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு: நான் என்ன பண்ணிட்டிருக்கேன்னு அந்த மியூசிக்குக்குத் தெரியுதா? தெரிஞ்சா அதை மியூட் பண்றது பாதி கேமை அன்இன்ஸ்டால் பண்ற மாதிரி. தெரியலைன்னா நீ தாராளமா உன் குத்துப்பாட்டைப் போட்டுக்கோ, யாரும் கேட்க மாட்டாங்க.

1978ல நிஷிகாடோ செஞ்ச ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கோ. இசைன்னு பேருக்கு இறங்குமுகமா நாலே நாலு சுரம், திரும்பத் திரும்ப. சுடச் சுட மிச்சமிருக்கிற ஏலியன்களோட வேகம் கூடும், அந்த நாலு சுரமும் கூடவே விரட்டும். அவ்வளவுதான் மியூசிக். ஆனா கை வேர்த்துடும்.

அடுத்து மேரியோ, 1985, கோஜி கோண்டோ. டைம் 100க்கு வந்ததும் ஒரு எச்சரிக்கை அடிச்சு அதே பாட்டு தலைதெறிக்க ஓட ஆரம்பிக்கும் பாரு, அப்ப திரையோட மூலையில இருக்கிற நம்பரை எவனும் பார்க்க மாட்டான், காதே சொல்லிடும். அந்த நின்டெண்டோ மெஷின்ல மொத்தம் அஞ்சு சவுண்ட் சேனல்தான். பாட்டும் அதுலதான், சத்தமும் அதுலதான். மேரியோ குதிக்கிறப்போ, மெட்டுக்குத் துணையா ஓடுற ஒரு சேனலைக் குதிக்கிற சத்தம் பிடுங்கிக்கும். அந்த நொடி மட்டும் பாட்டு கொஞ்சம் மெலிஞ்சு, திரும்ப நிறையும். அடுத்த தடவை ஆடும்போது குதிச்சுக்கிட்டே கவனிச்சுக் கேளு. நீ பட்டனை அமுக்குறது பாட்டுக்குள்ளயே கேக்கும்.

இப்ப உன் கேமுக்கு வர்றேன். இதோட முதல் பாகம், 2010ல வந்தது, பில் எல்ம், வுடி ஜாக்சன் ரெண்டு பேர் இசை. பதிவு பண்ணதெல்லாம் ஒரே வேகம், 130 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 130 தட்டு. ஒரே ஸ்கேல், ஏ மைனர். எதுக்குன்னு கேளு. எந்தத் துண்டை எந்தத் துண்டு மேல எந்த நேரத்துல வச்சாலும் பிசிறு தட்டாம உட்காரணும். நடந்துக்கிட்டிருக்கும்போது ஒண்ணு, குதிரை ஏறினா மேல கனமா ஒரு பேஸ் இசை, சுட ஆரம்பிச்சா டிரம்ஸ். அந்தப் பாட்டை அடுக்குறதே நீதான். ரெண்டாம் பாகமும் அந்த வழிதான். நீ ஸ்லைடரை இழுத்துவிட்டுட்டு வேற ஆள் பாடினதைக் கேட்டுட்டிருக்கே.

எனக்குன்னு ஒரே ஒரு கேமைச் சொல்லச் சொன்னா, ஷேடோ ஆஃப் தி கொலோசஸ். 2005, பிஎஸ்2, இசை கோ ஓட்டானி. அதுல பதினாறு ராட்சசங்களை வீழ்த்தணும், நடுவுல சில்லறை எதிரிங்க கிடையாது. வாளைத் தூக்கிப் பிடிச்சா வெளிச்சம் ஒரு திசை காட்டும், அந்தப் பக்கம் குதிரையை விடணும். வழி முழுக்க மியூசிக்கே கிடையாது. குளம்புச் சத்தம், காத்து, அவ்வளவுதான். முதல்ல எனக்கு டிவி ஸ்பீக்கர்ல கோளாறோன்னு சந்தேகம். அப்புறம் அந்த ராட்சசன் எதிர்ல வந்து நிப்பான், அடிவயித்துல இருந்து இசை கிளம்பும். நீ தாவி அவன் ரோமத்தைப் பிடிச்சுத் தொங்கி ஏற ஆரம்பிச்சதும், பயந்துக்கிட்டிருந்த பாட்டு வீரமா மாறும். கடைசிக் குத்து விழுந்து அவன் சாயும்போது வெற்றி முழக்கம் வரும்னுதானே நினைப்பே? ஒப்பாரி மாதிரி ஒரு மெட்டு வரும். ஜெயிச்சவன் கையில கன்ட்ரோலரோட முழிச்சுட்டு உட்கார்ந்திருப்பான். இதுல வேற பாட்டைப் போட்டு ஆடினவனுக்கு அந்தக் கதையே போய்ச் சேரலை.

நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் (2005) நெட் சென்டர்ல ஆடாத ஆள் இல்ல. எல்லாரும் ரேஸ்ல வர்ற பாட்டைப் பத்திதான் பேசுவாங்க. போலீஸ் துரத்தும்போது வர்ற பால் லின்ஃபோர்டோட இசைதான் அதுல உசத்தி. லெஃப்ட் 4 டெட்னு ஸோம்பி கேம்ல மியூட் பண்ணா நேரடியா செத்துப்போவே. டேங்க்னு ஒரு ராட்சச ஸோம்பி வர்றான்னு முதல்ல சொல்றதே மியூசிக்தான்.

மியூட் பண்ணலாம்னு சொல்றதும் இருக்கு. இப்ப வர்ற பெரிய ஓப்பன் வேர்ல்டு, அதாவது இஷ்டத்துக்குச் சுத்துற கேம்கள்ல பாதி. மலை ஏறினாலும் அதே நூறு வயலின், மூலிகை பறிச்சாலும் அதே நூறு வயலின். சம்பளம் குடுத்தாச்சு, வாசிச்சுட்டுப் போகட்டும்னு விட்ட மாதிரி. அங்க நீ என்ன வேணா போட்டுக்கோ.

வைஸ்_சிட்டி_வேலு:
கேசட் அண்ணே, வயலின் மேட்டர்ல ஓரளவு ஒத்துக்கிறேன். ஆனா விட்சர் 3யை அந்த லிஸ்ட்ல சேர்த்துடாதீங்க. போலந்து நாட்டுப்புறக் குழு பெர்சிவல் அதுல வாசிச்சிருக்கு. சண்டையில ஒரு பொம்பளைக் குரல் கத்தும்போது எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

இன்னொண்ணு. ஜிடிஏ வைஸ் சிட்டி (2002) கேம்ல கார்ல ஓடுற ரேடியோவுக்கு நான் என்ன பண்றேன்னு எங்க தெரியும்? கதை நடக்கிறது 1986, அந்தக் காலத்துப் பாட்டு அதுபாட்டுக்கு ஓடுது. ஆனாலும் அந்த ரேடியோ இல்லாம வைஸ் சிட்டியே இல்ல. அதுவும் போக, பிசில அந்த கேம் ஃபோல்டருக்குள்ள எம்பி3ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், நம்ம பாட்டை அதுல போட்டா கார் ரேடியோவுலயே வரும். நாங்க இளையராஜா போட்டு பீச் ரோட்ல சுத்தினவங்க. அப்ப தம்பி பண்றதும் தப்பில்லையே?

பழைய_கேசட்:
வேலு, அந்த ரேடியோவுக்கு நல்லாத் தெரியும்யா. ஒரு வண்டியைத் திருடினா, அந்த வண்டிக்காரன் கேட்டுட்டிருந்த ஸ்டேஷன் ஓடும். இறங்கினா நிக்கும். பாட்டு வண்டிக்குள்ள இருக்கு, உன் தலைக்குள்ள இல்ல. நீ எம்பி3 போட்டதும் காருக்குள்ளதானே கேட்டுச்சு? தம்பி போன்ல போடுறது குதிரை செத்தாலும் நிக்காது.

வெளியில உரிமம் வாங்கிப் போடுற லைசன்ஸ் பாட்டுல எனக்கு வேற கடுப்பு. ஜிடிஏ 4 வந்து பத்து வருஷத்துல, 2018ல, உரிமம் முடிஞ்சுதுன்னு நிறைய பாட்டைத் தூக்கிட்டாங்க. அதுல வர்ற ரஷ்யப் பாட்டு ஸ்டேஷன் விளாடிவோஸ்டாக் எஃப்எம்முக்குத்தான் பெரிய அடி. காசு குடுத்து வாங்கினவனோட கேம்லயும் அப்டேட் வந்து அழிச்சுட்டுப் போச்சு. கேமுக்குன்னே போட்ட இசைக்கு அந்தத் தொல்லை இல்ல.

விட்சர் விட்டுடறேன், அது நல்லாத்தான் இருக்கும்.

ஈயப்பற்று:
மேரியோ பத்திப் பேசினதால ஒரு டெக்னிக்கல் விஷயம். நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க வச்சிருந்தது நின்டெண்டோ இல்ல, அதைப் பார்த்துக் காப்பியடிச்ச குளோன். பிரிச்சு ரிப்பேர் பண்றது எனக்குப் பழக்கம். நிறைய குளோன் சிப்புல, மெட்டு வாசிக்கிற பல்ஸ் சேனலோட 25 சதவீத அலையும் 50 சதவீத அலையும் இடம் மாறி இருக்கும். ஒரிஜினல்ல மூக்கால பாடுற மாதிரி மெலிசா வர வேண்டிய இடம் குளோன்ல உருண்டையா வரும், உருண்டையா வர வேண்டியது மெலிசா வரும். சுரம் அதேதான், குரல் மட்டும் வேற. அது போக, ஜப்பான் டிவி 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 தடவை படம் மாறும், நம்ம பிஏஎல் முறை டிவி 50. அந்த கேம்கள்ல ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பாட்டு ஒரு அடி நகரும். அதனால அங்க 60 செகண்ட்ல முடியுற மெட்டு இங்க ஏறத்தாழ 72 செகண்ட் இழுக்கும்.

பழைய_கேசட்:
யோவ், அதான் விஷயமா! யூடியூப்ல ஒரிஜினல் மேரியோ, கான்ட்ரா எல்லாம் கேட்டா எனக்கு யாரோ அவசரமா வாசிக்கிற மாதிரியே இருக்கும். நீங்க பிரிச்ச பெட்டியில ஏதாவது உயிரோட இருந்தா ரெக்கார்ட் பண்ணிப் போடுங்க. அந்த சத்தத்தை, பிசில பழைய கேமை ஓட்டுற எந்த எமுலேட்டர்ல கேட்டாலும் வர மாட்டேங்குது.

ஈயப்பற்று:
சில எமுலேட்டர்ல டியூட்டி சைக்கிளை, அதான் நான் சொன்ன அந்த 25, 50 சதவீதத்தை, மாத்திப் போட ஒரு ஆப்ஷன் இருக்கு. மெசன்னு ஒரு எமுலேட்டர், அதுல ஆடியோ செட்டிங்ஸ்ல தேடிப் பாருங்க. ரீஜனை டெண்டின்னு (ரஷ்யாவுல வித்த குளோன்) வச்சா 50 ஹெர்ட்ஸும் வந்துடும்.

வடபழனி_வைஃபை:
அண்ணே, ஸ்லைடரை ஏத்திட்டேன். கேம்ல வர்ற வாலன்டைன் ஊர்ல ஒரு சின்ன சுடுசண்டை ஆரம்பிச்சப்போ டிரம்ஸ் உள்ள வந்துச்சு, புரிஞ்சுபோச்சு. ரூம்மேட்கிட்ட மட்டும் சொல்லலை. அடுத்து அந்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் ஆடலாம்னு தேடினா பிசி கேம் கடை ஸ்டீம்ல இல்லையே? என்கிட்ட பிசி மட்டும்தான்.

வெண்டைக்காய்_பச்சடி:
வெண்பா ஸ்டீம்ல இருக்கு ப்ரோ. 2023ல டொரான்டோ டீம் பண்ணது, கனடா போன தமிழ்க் குடும்பம், சமையல் கேம். இட்லி வேகும்போது ஓடுற பாட்டெல்லாம் ஒவ்வொரு காலத்து நம்ம சினிமா இசை மாதிரியே புதுசா போட்டிருக்காங்க. இதுல மட்டும் மியூட் பண்ணே, தெரியும் சேதி.

பழைய_கேசட்:
வெண்பா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடும், இந்த சனிக்கிழமையே ஆடிடு. கொலோசஸ் பிசிக்கு வரவே இல்ல. பிஎஸ்4ல 2018 ரீமேக் இருக்கு, யார்கிட்டயாவது கடன் வாங்கு. அதுவரைக்கும் நீயர் ஆட்டோமேட்டா, 2017. கேமுக்குள்ள எதிரியை ஹேக்கிங் பண்ண ஆரம்பிச்சதும் ஓடிட்டிருக்கிற பாட்டு அந்த இடத்துலயே பழைய வீடியோ கேம் சத்தம் மாதிரி 8-பிட்டா மாறும், முடிஞ்சதும் பழையபடி திரும்பும். ஒரே எச்சரிக்கை: தொடக்கக் கட்டத்துல சேவ் கிடையாது. செத்தா முதல்ல இருந்துதான். கரண்ட் போற நேரம் பார்த்து ஆரம்பிக்காதே.