புதுப்பிப்பு: வெளிநாட்டு நண்பர்களுடன் வாராந்திர அழைப்பு

சனிக்கிழமை இரவு 8:30-க்குச் சென்னை, லண்டன், டொராண்டோ மூன்றும் சேரலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். குளிர்காலத்துக்கு அது சரி: லண்டனில் மதியம் 3, டொராண்டோவில் காலை 10. மார்ச்சில்தான் குழப்பம் வருகிறது.

டொராண்டோவில் கோடைக்காக மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். பிரிட்டனில் கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட வாரங்களில் இரு ஊருக்கும் வித்தியாசம் 5 மணி அல்ல, 4. கடிகாரத்தைத் திரும்பப் பின்னே தள்ளும்போது, அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து (பிரிட்டன்) நவம்பர் முதல் ஞாயிறு (டொராண்டோ) வரையும் இதே கதை. "வரேன்னு சொல்லிட்டு வரலையே" என்ற மனத்தாங்கல் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் முளைக்கிறது.

ஆகவே நேரத்தை நம் ஊர்க் கணக்கில் பூட்டாதீர்கள். கூகுள் காலண்டரில் நிகழ்வை உருவாக்கும்போதே நேர மண்டலத்தில் டொராண்டோவைத் தேர்ந்து, காலை 10 என்று வையுங்கள். வாராவாரம் திரும்பும்படி அமைத்து எல்லோரையும் சேருங்கள். கோடையில் நமக்கு அது தானாக 7:30 ஆகிவிடும். கைக்குழந்தையோ ஷிப்ட் வேலையோ உள்ளவரின் ஊரையே அடிப்படையாக வைப்பதுதான் நியாயம்.

துபாய் நண்பர்களுக்கு வாட்ஸ்அப் அழைப்பு போகாது. குரல் பதிவு போகும். பேச வேண்டுமென்றால் அங்கே அனுமதிக்கப்பட்ட போட்டிம் (BOTIM) போன்ற அழைப்புச் செயலி இரு பக்கமும் வேண்டும்.

புது நாட்டு எண் வாங்கியவர் புதுக் கணக்குத் தொடங்க வேண்டாம், குழுக்கள் போய்விடும். வாட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு, அதில் எண்ணை மாற்றும் வசதி. பழைய எண்ணுக்குக் கீழே புதியதைக் கொடுத்தால் போதும்.