புதுப்பிப்பு: நார்ஃபோக்கில் கிராவல் சைக்கிள் பாதை

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், கிராவல் சைக்கிளுக்கு (சரளை, மண் பாதைகளுக்கான அகல டயர் சைக்கிள்) ஏற்றம் அதிகமில்லாத நாட்டுப்புறப் பாதை கேட்டிருந்தேனே, போய் வந்தாயிற்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது பெடர்ஸ் வே என்ற பழைய நெடும்பாதையில் போகும் யோசனைதான். காசில் ஏக்கர் கிராமத்திலிருந்து வடக்கே ஃப்ரிங் பக்கம் வரை அதில் போய், பிறகு சிறு சாலைகளில் ரிங்ஸ்டெட் வழியாக ஹோம் என்ற ஊரின் கடற்கரை. ரோமானியர் போட்ட வழி. நூல் பிடித்தாற்போல் நேராக, இருபுறமும் வேலிச்செடியும் வயலும்.

40 மிமீ ட்யூப்லெஸ் (உள் ட்யூப் இல்லாத) டயர் போதும் என்றவர் சொன்னது சரி. எதிர்பாராதது சிக்கிமுக்கிக் கல். டயரைக் கீறிவிட்டது; உள்ளே ஊற்றியிருந்த சீலன்ட் (ஓட்டை அடைக்கும் திரவம்) வெள்ளையாகப் பீறிட்டு, கொஞ்ச நேரத்தில் தானே அடைத்துக்கொண்டது.

அப்புறம், ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் (பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடுவது) விட்டுவிட்டு வரும் பச்சை நீளக் கோடுகள் பிரிடில்வே, அதாவது குதிரையில் போக உரிமையுள்ள பாதை. 1968 நாட்டுப்புறச் சட்டப்படி (Countryside Act) அதில் சைக்கிள் போகலாம், நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டும். குட்டைக் கோடுகள் நடைபாதை, அங்கே அந்த உரிமை இல்லை.