மரத்தடியில 14 வருஷமா நிக்கிற மோரிஸ் மைனர்: வாங்கலாமா, கும்பிடு போட்டுட்டு வந்துடலாமா?

சைடுஸ்டாண்டு:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா தூக்கம் சரியில்ல, இங்க கொட்டிட்டா தேவலாம்னு வந்திருக்கேன். தெரிஞ்ச பாட்டி ஒருத்தங்க வீட்டுப் பின்பக்கம் மரத்தடியில ஒரு மோரிஸ் மைனர் 1000 நிக்குது, பழைய பிரிட்டிஷ் கார். 1959 மாடல், நாலு கதவு, 948 சிசி இன்ஜின். தாத்தா ஓட்டினது, அவர் போனப்புறம் யாரும் சாவியைத் தொடல, 14 வருஷம் ஆச்சு. கண்ணாடி எல்லாம் முழுசா இருக்கு, சீட்டுக்குள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கு, நாலு டயரும் தரையோட ஒட்டிக்கிச்சு. ஆனா நடுத் தூண்ல இருந்து கை மாதிரி வெளிய நீட்டுமே அந்த இண்டிகேட்டர், அது ரெண்டு பக்கமும் அப்படியே இருக்கு. நான் விரலால இழுத்துப் பாத்தேன், வந்துச்சு, விட்டேன், மெதுவா உள்ள போயிடுச்சு. அதோட நான் காலி.

பாட்டி விலை ரொம்பக் கம்மியாதான் சொல்றாங்க. எனக்கு பைக் கார்புரேட்டர் கழட்டி மாட்டின அனுபவம் மட்டும்தான், வெல்டிங் சுத்தமா தெரியாது. வாங்கலாமா வேணாமா, நேரா சொல்லுங்க.

கணக்குப்புள்ளை:
வேணாம்.

சரி கொஞ்சம் நீட்டியே சொல்றேன். பழைய வண்டியில வாங்குற விலைங்கிறது நுழைவுச்சீட்டு மாதிரி, செலவு உள்ள போனப்புறம்தான் ஆரம்பிக்கும். டிங்கரிங், பெயின்ட், குரோம், சீட்டு வேலை, ரப்பர் பீடிங், வயரிங், இந்த ஆறையும் ஒரு பேப்பர்ல எழுதி ஒவ்வொண்ணுக்கும் வெளியாள் கூலி கேட்டு எழுதிப் பாருங்க, அதே மாடல்ல ஒருத்தன் எல்லாம் முடிச்சு ஓடுற நிலையில விக்கிற வண்டியை விட உங்க மொத்தம் மேல நிக்கும், அநேகமா எப்பவும் அப்படித்தான். முடிச்ச வண்டியை வாங்கினா முந்தின ஆள் விட்ட காசும் ராத்திரித் தூக்கமும் உங்களுக்கு தள்ளுபடியில வருது. அதை விட்டுட்டு எலி வளையை ஏன் வாங்கணும்?

பழைய பிஸ்டன்:
வந்துட்டார்யா கணக்கு. தம்பி, இவர் பேச்சைக் கேட்டா உலகத்துல ஒரு பழைய வண்டியும் மிஞ்சாது.

மைனர் மாதிரி கத்துக்குட்டிக்கு ஏத்த வண்டி வேற எதுவும் எனக்குத் தோணல. 1948ல வந்துச்சு, எழுபதுகள் ஆரம்பம் வரைக்கும் 16 லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. அதனால இன்னிக்கும் தகடுல இருந்து ரப்பர் வரைக்கும் முக்கால்வாசி சாமான் புதுசாவே செஞ்சு விக்கிறாங்க. உங்க 948 ஏ சீரிஸ் இன்ஜின், பானெட்டைத் தூக்கினா ரெண்டு பக்கமும் கை தாராளமா போகும், கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், ஒரு டைனமோ, அவ்ளோதான் மொத்த கதையே. பைக் கார்புரேட்டர் கழட்டினவனுக்கு இதுல இருக்கற எஸ்.யூ. கார்புரேட்டர் ஒண்ணும் பூதம் இல்ல.

இன்ஜின் ஜாம் ஆகியிருந்தாலும் பயப்படாதீங்க. நான் ஒண்ணை எடுத்தப்ப கிராங்க் (இன்ஜினுக்குள்ள சுத்துற அச்சு) அசையவே இல்ல. நாலு பிளக்கையும் கழட்டிட்டு ஒவ்வொரு ஓட்டையிலயும் துரு இளக்கற எண்ணெய் ஊத்தி, ஒரு வாரம் தினம் காலையில கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, அப்புறம் டாப் கியர்ல போட்டு வண்டியை முன்னும் பின்னும் லேசா ஆட்டினோம், அதுவும் ரெண்டு நாள். மூணாவது நாள் "டக்"னு ஒரு சத்தம், சுத்திடுச்சு. முக்கியமா ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்த விட்டோ நெம்புகோல் வச்சோ முரட்டுத்தனம் பண்ணக் கூடாது, பிஸ்டன் ரிங் உடைஞ்சு சிலிண்டர் உள்சுவர்ல கோடு விழுந்தா வேலை ரெண்டு மடங்காயிடும்.

கணக்குப்புள்ளை:
அண்ணே, இன்ஜினைப் பத்தி யார் கேட்டா? பழைய வண்டியில சுலபமான பாகமே இன்ஜின்தான். எல்லாரும் அதை ஸ்டார்ட் பண்ணி வீடியோ எடுத்துப் போட்டுட்டு, அடியில என்ன இருக்குன்னு குனிஞ்சு பாக்காம விட்டுடறாங்க.

தீப்பொறி:
இந்த ஒரு விஷயத்துல கணக்கு சொல்றது சரி. நான் பாடி வெல்டிங்தான் வேலையா செய்றேன், அதனால என் கண்ணுல மைனர்னா அடித்தகடுதான். மேல பெயின்ட் உரிஞ்சிருந்தா, கதவுல துரு கொப்புளம் இருந்தா அதெல்லாம் அழகு சம்பந்தப்பட்ட கவலை. இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்பு.

சைடுஸ்டாண்டு தம்பி, போய் பாக்க வேண்டிய இடம் சொல்றேன். முன் சீட்டுக்கு அடியில ஒரு பெட்டி மாதிரி கிராஸ் மெம்பர் குறுக்க போகும், முன் சஸ்பென்ஷனோட டார்ஷன் பாருக்கு (ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக் கொடுக்கிற கம்பி) பின்முனை அதுலதான் மாட்டியிருக்கும். வண்டியோட முன்பக்க பாரம் அந்த முறுக்கு வழியா அங்க வந்து உக்காருது. அதோட ரெண்டு முனையும் இத்துப்போயிருந்தா அது சின்ன ஒட்டு வேலை இல்ல. அடுத்து பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் பட்டை மாட்டுற ஹேங்கர், அங்க சேறு சேர்ந்து உள்ளயிருந்து அரிக்கும், வெளிய பாத்தா நல்லாதான் தெரியும். அடுத்து கதவுக்குக் கீழ நீளமா போற சில். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க, ரப்பர் மேட்டுக்கு அடியில தண்ணி நின்னு ஃப்ளோர் போயிருக்கும்.

ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போய் பாட்டிகிட்ட அனுமதி கேட்டுட்டு குத்துங்க. நல்ல தகடு "டிங்"னு சொல்லும். பட்டி போட்டு மூடின இடம் "தப்"னு சொல்லும், காந்தமும் ஒட்டாது. இத்த தகடுல ஸ்க்ரூ டிரைவர் நேரா உள்ள இறங்கிடும், அப்ப உங்களுக்கே தெரியும்.

பழைய பிஸ்டன்:
அக்கா, அதெல்லாம் வெல்ட் பண்ணிக்கலாமே? ரிப்பேர் தகடு ரெடிமேடா கிடைக்குதே.

தீப்பொறி:
கிடைக்கும். யார் பண்றதுங்கிறதுதான் கேள்வி. ரெண்டு பக்க சில்லையும் ஒரே நேரத்துல அறுத்து எறிஞ்சுட்டு, கதவையும் கழட்டி வச்சுட்டு, உள்ள முட்டுக்கம்பி கொடுக்காம வெல்ட் பண்ணினவங்க வண்டி என்கிட்ட வந்திருக்கு. பாடி நடுவுல தொங்கிடுச்சு, கதவு மேல இடிக்குது கீழ விரல் நுழையுது. அதை மறுபடி அறுத்து நிமித்தி சேர்க்க, புதுசா செய்றதை விட நேரம் ஆச்சு. ஒரு பக்கம் முடிச்சுட்டுதான் அடுத்த பக்கம் தொடணும், கதவை மாட்டி மாட்டி இடைவெளி பாத்துக்கிட்டே போகணும்.

மெதுவாப்போ:
நான் எட்டு வருஷமா ஒரு மைனர் வச்சு ஓட்டறேன், முடிச்ச வண்டியா வாங்கினது. என் பங்குக்கு ரெண்டு விஷயம்.

முதல்ல, ஓட்டிப் பாத்திருக்கீங்களா? 948 சிசி, 37 குதிரைத்திறன். நாலு வீலும் டிரம் பிரேக், மிதிக்கிற அழுத்தத்தைக் கூட்டித் தர்ற பூஸ்டர் கிடையாது. இன்னிய வண்டி ஓட்டிப் பழகினவங்க முதல் நாள் முன்னாடி போறவன் பின்னாடி போய் ஒட்டிக்குவாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு, அதுக்குன்னு எல்லாருக்கும் பிடிக்கணும்னு இல்ல. வாங்கறதுக்கு முன்ன யாரோ ஒருத்தர் வண்டியில அரை மணி நேரம் ஓட்டிடுங்க. பாதிப் பேருக்கு ஆசை அங்கயே தீர்ந்துடும் (இது கிண்டல் இல்ல, நிஜமா நல்லது).

ரெண்டாவது, முன் வீல் ட்ரன்னியன். வீலைத் திருப்புற அச்சு மேலயும் கீழயும் மரையில சுத்துது, அதுக்குக் கிரீஸ் நிப்பிள் உண்டு. கிரீஸ் அடிக்காம விட்டா மரை தேஞ்சு ஒரு நாள் கழண்டுக்கும். எனக்கு வாங்கின மூணாவது மாசம் நடந்துச்சு, நல்லவேளை கேட்ல இருந்து வெளிய திருப்பும்போது. ஒரு "கடக்", முன் வலது வீல் மடிஞ்சு ஃபென்டருக்குள்ள போயிடுச்சு, வண்டி ஒரு பக்கம் முட்டி போட்டு உக்காந்துடுச்சு. வேகமா போகும்போது ஆகியிருந்தா நான் இதை டைப் பண்ணிட்டு இருக்க மாட்டேன். பெயின்ட் அடிச்சு பளபளன்னு வித்தவர் கிரீஸ் கன்னைக் கையில எடுத்திருக்கவே மாட்டார் போல.

பழைய பிஸ்டன்:
பாத்தீங்களா கணக்கு? முடிச்ச வண்டி வாங்கினா தூக்கம் தள்ளுபடின்னீங்க. மேல பெயின்ட், உள்ள பட்டி, அச்சுல காஞ்ச கிரீஸ். நீங்களே ஒவ்வொரு போல்ட்டா கழட்டிப் பூட்டினா உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கு உங்க பேப்பர்ல எந்த வரியில என்ன தொகை போடுவீங்க?

கணக்குப்புள்ளை:
நல்லா கேட்டீங்க. அதுக்கு பதில் சொல்லணும்னா என் கதையை சொல்லணும், சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்.

நானும் ஒண்ணு வாங்கினேன்ண்ணே. மைனர் இல்ல, வேற. "ஒரு வருஷத்துல முடிச்சுடலாம்"னு வீட்ல சொல்லி, ஆர்வத்துல மொதல் ஒரே மாசத்துல மொத்தத்தையும் கழட்டிட்டேன், கழட்டறது அவ்ளோ சுகமா இருந்துச்சு. போல்ட் நட்டு எல்லாம் காலி டப்பாவுல போட்டேன், எந்த டப்பா எந்த இடம்னு எழுதி வைக்கல, நினைவு இருக்கும்னு நம்பிக்கை. அப்புறம் வேலை மாறிச்சு, குழந்தை பொறந்துச்சு, வெல்டர் வரேன்னு சொல்லி எட்டு மாசம் வரல. ஆறு வருஷம். பாடி ஒரு மூலையில, கதவு மாடியில, டப்பா கட்டிலுக்கடியில. கடைசியில வாங்க வந்த பையன் டப்பாவைக் குலுக்கிப் பாத்துட்டு "இதெல்லாம் எதோடது சார்"னு கேட்டான், எனக்குத் தெரியல. வாங்கினதுல கால்வாசி விலைக்குப் போச்சு. உங்க கேள்விக்கு என்கிட்ட இருக்கற தொகை அதுதான்.

மெதுவாப்போ:
அடடா. அந்த டப்பா விஷயம் வயித்தைக் கலக்குது.

பழைய பிஸ்டன்:
சரி கணக்கு, இப்ப உங்க கோபம் எங்கேருந்து வருதுன்னு புரியுது, தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. ஆனா அது வண்டியோட தப்பு இல்ல, கழட்டின விதத்தோட தப்பு. ஒரு பகுதி கழட்டு, போட்டோ எடு, கவர்ல போட்டு பேர் எழுது, சரி பண்ணி மாட்டு, அப்புறம் அடுத்தது. முதல்ல பிரேக். 14 வருஷம் நின்ன பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சியிருக்கும், வீல் சிலிண்டர் உள்ள துரு பிடிச்சிருக்கும், ரப்பர் ஹோஸ் உள்பக்கம் உப்பி அடைச்சிருக்கும். மொத்தமும் புதுசு. அதுக்கப்புறம் பெட்ரோல் டேங்க், வார்னிஷ் வாசனை வந்தா உள்ள இருக்கறது இனி பெட்ரோலே இல்ல. இப்படியே போனா வண்டி எப்பவும் வண்டியாவே இருக்கும், டப்பாவாகாது.

தீப்பொறி:
பிரேக் மாஸ்டர் சிலிண்டர் எங்க இருக்குன்னும் தம்பிக்கு சொல்லிடுங்க 😀 டிரைவர் காலுக்கு கீழ, பாடியோட சேர்ந்து நீளமா போற பெட்டிச் சட்டத்துக்குள்ள புதைச்சு வச்சிருப்பாங்க. போல்ட்டை உருவலாம்னா டார்ஷன் பார் குறுக்க நிக்கும். ஒரு கை நுழையற வண்டின்னு சொன்னவரைக் கூப்பிட்டு கழட்டச் சொல்லுங்க.

பழைய பிஸ்டன்:
பானெட்டுக்குள்ளன்னுதான் சொன்னேன் அக்கா 🙏 அந்த போல்ட்டுக்கு நானே ரெண்டு நாள் வாயில வராத வார்த்தை எல்லாம் சொன்னவன்.

சைடுஸ்டாண்டு:
எல்லாத்தையும் படிச்சுட்டு இன்னிக்கு காலையில டார்ச், காந்தம், ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போயிட்டு வந்தேன். வரிசையா சொல்றேன்.

இடது சில் "டிங்". வலது சில்ல பின் கதவுக்கு நேர் கீழ ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் போயிடுச்சு, வெளிய எடுத்தா கூடவே பிஸ்கட் தூள் மாதிரி ஒரு கைப்பிடி துரு. கிராஸ் மெம்பர் இடது முனை கெட்டியா இருக்கு, வலது முனையில மேல்பக்கம் நல்லா இருக்கு, அடியில சுரண்டினா அடுக்கடுக்கா உரியுது, ஆனா ஓட்டை விழல. பின் ஹேங்கர் ரெண்டும் மண்ணு மூடியிருக்கு, முழுசா பாக்க முடியல. டயர்ல தேதிக் குறியீடு மூணு இலக்கம்தான் இருக்கு, அப்படின்னா 2000க்கு முந்தினது, தாத்தாவே மாத்தாம ஓட்டியிருக்கார். பானெட் நடுவுல நீளமா ஒரு மேட்டுப் பட்டை போகுதே, முதல்ல யாரோ ஒட்டுப் போட்டிருக்காங்கன்னு பயந்துட்டேன்.

மெதுவாப்போ:
ஹாஹா, அது ஒட்டு இல்ல, பிறவியிலயே உள்ளது. டிசைன் பண்ணின அலெக் இசிகோனிஸ் கடைசி நேரத்துல வண்டி ஒடுக்கமா இருக்குன்னு, மாதிரி வண்டியை நீளவாக்குல ரெண்டா அறுத்து 4 அங்குலம் அகலப்படுத்தினார். பானெட் நடுவுல வர்ற அந்தப் பட்டை அதோட அடையாளம். பம்பர் அதுக்குள்ள செஞ்சு முடிச்சுட்டாங்களாம், அதனால ஆரம்ப வண்டிகள்ல பம்பரை நடுவுல வெட்டி ஒரு துண்டு சேர்த்திருப்பாங்க.

தீப்பொறி:
வலது சில், கிராஸ் மெம்பர் முனை, இது ரெண்டும் நடக்கக்கூடிய வேலைதான். ஹேங்கரைப் பாக்காம நான் ஆமான்னு சொல்ல மாட்டேன். மண்ணைச் சுரண்டிட்டு மறுபடி பாருங்க.

கணக்குப்புள்ளை:
ஆர்.சி. யார் பேர்ல இருக்கு? சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகுதா?

சைடுஸ்டாண்டு:
நம்பர் ஒத்துப்போகுது சார், பிளேட்டைத் துடைச்சு பாத்துட்டேன். பேர் இன்னும் தாத்தா பேர்லயே இருக்கு. வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு பாட்டி சொல்றாங்க, ஒரு மகன் வெளியூர்ல இருக்கார்.

கணக்குப்புள்ளை:
அப்ப பேப்பர் மாறி வர்ற வரைக்கும் ஒரு பைசா கொடுக்காதீங்க, அட்வான்ஸ்னு கூட கொடுக்காதீங்க. பேப்பர் இல்லாத வண்டியில நீங்க போடற ஒவ்வொரு வெல்டும் அடுத்தவன் வண்டிக்குப் போடற வெல்டு. வேணாம்னுதான் இன்னும் சொல்றேன், ஆனா வாங்கியே தீருவேன்னா இந்த ஒண்ணையாவது கேளுங்க.

பழைய பிஸ்டன்:
இதுல நான் கணக்கு கட்சி. பேப்பர் முதல்ல.

சைடுஸ்டாண்டு:
சரி, காசு எதுவும் கொடுக்கல. பாட்டிகிட்ட பேப்பர் வந்ததும் வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதுவரைக்கும் மழையில நனைய வேணாமேன்னு பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒண்ணு வாங்கி வண்டியை நல்லா இறுக்கிக் கட்டி, கீழ வரைக்கும் சுத்தி மூடிட்டேன்.

தீப்பொறி:
ஐயோ தம்பி. பிளாஸ்டிக்கா? தரையில இருந்து எழும்புற ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே வேர்த்து கொட்டும், 14 வருஷத்துல ஆகாத துரு ஒரே மழைக்காலத்துல ஆகிடும். இப்பவே போய் அவிழ்த்துடுங்க. மேல மட்டும் நாலு கம்பு நட்டு கூரை மாதிரி கட்டுங்க, பக்கமெல்லாம் காத்து போகணும்.

சைடுஸ்டாண்டு:
கிளம்பிட்டேன் அக்கா.

கணக்குப்புள்ளை:
இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள கூரை போடப் போறார்.